அல்-பீரூனியின் மலையும் நமது மேடைகளும்

முஸ்லிம்களின் அறிவியல் பங்களிப்பு குறித்துப் பேசவரும் சொற்பொழிவாளர் பெரும்பாலும் தவறாமல் குறிப்பிடும் செய்தி ஒன்று உண்டு. அபூ ரைஹான் அல்-பீரூனி ஒரு மலையுச்சியில் நின்று, கையிலிருந்த உஸ்துர்லாபின் துணையால் பூமியின் ஆரத்தை 6,339 கிலோமீட்டர் என்று கணித்தார்; இன்றைய அளவான 6,371 கிலோமீட்டருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அரை விழுக்காடுதான் என்பதே அச்செய்தி. மீலாது மேடைகளிலும் கல்லூரிக் கருத்தரங்குகளிலும் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிரவும் செய்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னேன். கூட்டம் கலைந்தபின், சர்வேயராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். "எல்லாம் சரி தம்பி, பீரூனி கிலோமீட்டரில் சொல்லியிருக்க முடியாதே. முழத்தில்தானே சொல்லியிருப்பார்? அது எந்த முழம்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பீரூனியின் மூலநூலுக்குள் முதன்முதலாக நுழைந்தேன். மேடையில் நாம் காட்டும் பீரூனியும் நூலுக்குள் இருக்கும் பீரூனியும் வெவ்வேறானவர்கள் என்பது அங்கேதான் புலப்பட்டது.

'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின் லி தஸ்ஹீஹி மஸாஃபாத்தில் மஸாகின்' என்பது நூலின் பெயர். குடியிருப்புகளுக்கிடையேயான தொலைவுகளைத் திருத்தும்பொருட்டு இடங்களின் எல்லைகளை வரையறுத்தல் என்று அதனைப் பொருள் கொள்ளலாம். கஸ்னாவில் ஹிஜ்ரி 416இல், அதாவது கி.பி. 1025இல், எழுதி முடிக்கப்பட்டது. பீரூனியின் சொந்தக் கையெழுத்துப்படி என்று ஆய்வாளர் பலர் கருதும் ஒரே பழம்படி இஸ்தான்புல்லில் ஃபாத்திஹ் தொகுப்பில் உள்ளது. 1962இல் அன்காராவிலும் கெய்ரோவிலும் இரு பதிப்புகள் வெளிவந்தன. ஜமீல் அலியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1967இலும், ஈ. எஸ். கென்னடியின் விரிவுரை 1973இலும் பெய்ரூத்தில் வெளியாயின. படிக்க எளிய நூல் என்று சொல்ல இயலாது. வடிவகணித நிறுவல் நடந்துகொண்டிருக்கும்போதே நூலாசிரியர் திடீரென்று பாலைவனங்கள் ஒரு காலத்தில் கடலாயிருந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். பிறகு நிதானமாகத் திரும்பி வருவார். பொறுமையற்ற வாசகர் இருபது பக்கங்களில் நூலை மூடிவிடக்கூடும்.

மலையுச்சிக் கணிப்பு இந்நூலில் எந்த இடத்தில் வருகிறது என்பதே முதலில் கவனிக்கத்தக்கது. பூமியின் சுற்றளவை அறிய கலீஃபா மஃமூனின் காலத்தில், கி.பி. 830ஐ ஒட்டி, ஸின்ஜார் சமவெளியில் ஓர் அளவை நடைபெற்றது. அளவையாளர்கள் இரு குழுவினராகப் பிரிந்து, ஒரு குழு நேர் வடக்காகவும் மற்றொன்று நேர் தெற்காகவும், கயிறும் முளைக்கம்புகளும் கொண்டு நிலத்தை அளந்தபடி சென்றனர். துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை நடந்து, கடந்த தொலைவைக் குறித்துக்கொண்டனர். ஒரு பாகைக்கு 56 மைல் என்றும், 56⅔ மைல் என்றும் இந்த அளவையின் முடிவு இருவேறாகப் பதிவாகியுள்ளது. இந்த வேறுபாடு பீரூனியை உறுத்துகிறது. முன்னோர் சொன்னதாயிற்றே என்று இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட அவருக்கு மனம் வரவில்லை. மீண்டும் அளந்து பார்க்க வேண்டும், இதில் எனக்குத் துணைநிற்பவர் யார் என்று கேட்கிறார். அதற்குப் பரந்த நிலப்பரப்பின் மீது உறுதியான அதிகாரம் வேண்டும், அங்கு வாழ்வோரால் நேரக்கூடிய ஆபத்தும் இருக்கிறது என்கிறார். ஜுர்ஜானை அடுத்த திஹிஸ்தான் பாலைவெளியில் தாம் ஒருமுறை முயன்றதையும், முயற்சி கைகூடாததையும், பொருளுதவி செய்தவர்கள் பின்னர் ஆர்வம் இழந்ததையும் ஒளிவு மறைவின்றிப் பதிவு செய்கிறார்.

இதன் பிறகுதான் பாலைவனங்களில் நடக்கத் தேவையில்லாத வேறொரு வழி என்று சொல்லி மலையுச்சி முறையை முன்வைக்கிறார். நமது மேடைகளில் அறிவின் உச்சமாகக் காட்டப்படும் நிகழ்வு, பீரூனியின் நூலில் செய்ய நினைத்ததைச் செய்ய முடியாத ஒருவர் கைக்கொண்ட மாற்றுவழியாகவே வருகிறது. அந்த வழியைத் தாமே கண்டுபிடித்ததாகவும் அவர் உரிமை கொண்டாடவில்லை. மஃமூன் ரோமரை எதிர்த்துப் படையெடுத்துச் சென்றபோது, வழியில் கடலோரத்து உயர்ந்த மலை ஒன்றின் மீது ஏறி அடிவானத்தின் தாழ்வை அளக்குமாறு ஸனத் இப்னு அலீக்குக் கட்டளையிட்டார் என்ற செய்தியைப் பெயருடன் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் தம் கதைக்கு வருகிறார். அறிவிப்பாளரின் பெயரைச் சொல்லாமல் ஒரு செய்தியை எடுத்தாளக் கூடாது என்ற ஹதீஸ் கலை மரபின் ஒழுக்கம் அவர் எழுத்தில் ஊறியிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. பீரூனியைப் பற்றிப் பேசும் நாமோ ஸனத் இப்னு அலீயின் பெயரை அறவே விட்டுவிடுகிறோம்.

நந்தனாக் கோட்டை இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், உப்புமலைத் தொடரில் உள்ளது. மஹ்மூது கஸ்னவி அதனைக் கைப்பற்றியது 1014இல். அங்குத் தங்கியிருந்த காலத்தில் கோட்டைக்கு மேற்கே ஓர் உயர்ந்த மலையையும், மலைக்குத் தெற்கே பரந்துகிடந்த சமவெளியையும் பீரூனி காண்கிறார். கடலுக்குப் பதிலாக இந்தச் சமவெளியின் விளிம்பையே அடிவானமாகக் கொள்ளலாமே என்ற எண்ணம் தோன்றுகிறது. முறை எளியது. முதலில் மலையின் உயரத்தைக் கோண அளவையால் காண வேண்டும். பின்னர் உச்சியில் நின்று, கண்மட்டத்துக் கிடைக்கோட்டிலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பூமி தட்டையாயிருந்தால் தாழ்வே இராது. பூமியின் வளைவு எந்த அளவோ அந்த அளவுக்குத் தாழ்வு தெரியும். மலையின் உயரமும் தாழ்வுக் கோணமும் கிடைத்துவிட்டால் ஒரே ஒரு செங்கோண முக்கோணத்தால் பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டுவிடலாம். அவர் கண்ட உயரம் 652 முழமும் சிறிது பின்னமும். தாழ்வுக் கோணம் 34 கலை. ஒரு பாகையில் அறுபது கலை. அவர் கணக்கிட்ட ஆரம் 1 கோடியே 28 லட்சத்து 3,337 முழம்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். எந்த முழம்? அப்பாஸிய உலகில் முழம் ஒன்றல்ல. முழத்தைச் சுமார் 49.5 சென்டிமீட்டர் என்று கொண்டால் நமக்குப் பிடித்தமான 6,339 கிலோமீட்டர் வரும். அரபு மைலை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் நல்லினோவின் அளவுப்படி 49.33 சென்டிமீட்டர் என்று கொண்டால் 6,316 வரும். கறுப்பு முழம் எனப்பட்ட 54 சென்டிமீட்டரைக் கொண்டால் 6,900 கிலோமீட்டரையும் தாண்டிவிடும். அரை விழுக்காடு என்று நாம் கொண்டாடும் துல்லியம் முழத்தை நாம் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தே பிறக்கிறது. விடை தெரிந்தபின் அதற்கேற்ற அளவுகோலை எடுத்துக்கொண்டு, பீரூனியின் கணக்கு சரியாக வந்ததாகச் சொல்கிறோம். சர்வேயர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

கோணத்திலும் சிக்கல் உண்டு. 34 கலையில் ஒரே ஒரு கலை கூடினாலோ குறைந்தாலோ ஆரம் ஏறத்தாழ 6 விழுக்காடு மாறிவிடும். கையில் பிடித்துப் பார்க்கும் கருவியால், தூசு படிந்த பஞ்சாபின் சமவெளி விளிம்பை ஒரு கலை பிசகாமல் காண்பது எளிதன்று. காற்றில் ஒளி வளைந்து வருவதால் அடிவானம் உண்மையில் இருப்பதைவிடச் சற்று உயர்ந்தே தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லும் உயரமுள்ள மலையிலிருந்து பார்த்தால் வடிவகணிதப்படி தாழ்வு ஏறத்தாழ 34½ கலை இருக்க வேண்டும். ஒளிவிலகலால் சாதாரண நாளில் அது 32 கலையாகவே கண்ணுக்குத் தெரியும். பிழையே இல்லாத கண்ணும் கருவியும் வாய்த்திருந்தால் அவருக்கு ஆறில் ஒரு பங்கு மிகையான ஆரம்தான் கிடைத்திருக்கும். வானவெளிப் பொருள்களின் ஒளிவிலகலைப் பற்றி அவர் காலத்தவரான இப்னுல் ஹைதம் எழுதியிருக்கிறார். ஆயினும் நந்தனாக் கணக்கில் அதற்கு இடம் தரப்படவில்லை.

கணக்கிலும் ஒரு நழுவல் உண்டு. பீரூனி தரும் அதே உயரத்தையும் அதே 34 கலையையும் எடுத்துக்கொண்டு இன்று எவரும் கணிப்பானில் போட்டுப் பார்க்கலாம். 1 கோடியே 28 லட்சம் வராது. 1 கோடியே 33 லட்சம் முழம் வரும். இவ்வளவு சிறிய கோணத்திற்குரிய அட்டவணை மதிப்பில், கடைசி இலக்கங்களில் நேரும் மிகச்சிறு வேறுபாடும் ஆரத்தில் பல லட்சம் முழங்களாகப் பெருகிவிடுகிறது. நல்லினோவின் முழப்படி திருத்திய கணக்கு 6,577 கிலோமீட்டராகிறது. அதாவது பார்வைப் பிழை, ஒளிவிலகல், கணக்கு நழுவல் ஆகியவை ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டதால்தான் பீரூனியின் இறுதி எண் உண்மைக்கு அருகில் வந்து நின்றது. அல்லாஹ் நாடினால் தற்செயலும் அழகாக அமைவதுண்டு. ஆனால் தற்செயலை ஒருவரின் ஆற்றலுக்குச் சான்றாக நிறுத்த முடியாது.

இதைச் சொல்வதால் பீரூனியின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சும் நண்பர்களுக்கு, அவரே தம் முடிவை எப்படி நடத்தினார் என்பதைக் காட்ட வேண்டும். முழங்களில் கிடைத்த ஆரத்தைச் சுற்றளவாக்கி, 360ஆல் வகுத்து, 4,000 முழத்தால் மைலாக்குகிறார். ஒரு பாகைக்கு 56 மைலுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. மஃமூனின் அளவையாளர்கள் கண்டதற்கு இது நெருங்கியிருப்பதைக் கண்டு மனநிறைவு கொள்கிறார். அத்தோடு தம் எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களுடைய எண்ணையே ஏற்றுக்கொள்கிறார். அவர்களுடைய கருவிகள் இன்னும் நுட்பமானவை, அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமமும் அதிகம் என்று காரணமும் கூறுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பீரூனியே இரண்டாம் இடத்தில் வைத்த எண்ணைத்தான் அவர் பெயரால் நாம் முதலிடத்தில் வைத்துப் பேசுகிறோம்.

முழத்தையும் மைலையும் பொருட்படுத்தாததன் விளைவுக்கு வரலாற்றில் இன்னொரு சான்றும் உண்டு. மஃமூன் காலத்து 56⅔ மைல் அல்-ஃபர்கானியின் நூல் வழியாக லத்தீனுக்குச் சென்றது. கொலம்பஸ் அதனை எடுத்துக்கொண்டார். அரபு மைல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. அவர் மனத்தில் இருந்ததோ ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுள்ள இத்தாலிய மைல். எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு அளவை மட்டும் மாற்றிக்கொண்டதால் பூமி கால்பங்கு சுருங்கிப்போனது. மேற்கே சென்றால் ஆசியா அருகிலேயே இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு அதுவும் வலுச் சேர்த்தது. நம் சொற்பொழிவாளர்கள் கப்பல் ஏறாததால் யாருக்கும் சேதமில்லை என்பது ஓர் ஆறுதல்.

அப்படியானால் 'தஹ்தீது' நூலின் பெருமை எதில் இருக்கிறது? மலையுச்சிப் பகுதி நூலில் சில பக்கங்களே. நூலின் உயிர் வேறொரு கேள்வியில் இருக்கிறது. கஸ்னாவிலிருந்து தொழுபவர் எத்திசையை நோக்க வேண்டும்? கிப்லாவைக் கணிக்க கஸ்னாவின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தாக வேண்டும். அட்சரேகையைச் சூரியனையோ விண்மீனையோ பார்த்து அறிந்துவிடலாம். தீர்க்கரேகைதான் கடினம், அக்காலத்தில் அது ஏறத்தாழத் தீராத வழக்கு. இரண்டு ஊர்களில் ஒரே சந்திர கிரகணத்தைப் பார்த்து நேர வேறுபாட்டைக் கணக்கிடுவது ஒரு வழி. 997ஆம் ஆண்டு மே மாதத்துக் கிரகணத்தைக் காத் நகரில் இளைஞரான பீரூனியும் பக்தாதில் அபுல் வஃபாவும் முன்னரே பேசி வைத்துக்கொண்டு ஒருங்கே நோக்கியிருக்கிறார்கள். ஆனால் கிரகணத்திற்காகக் காத்திருந்து ஊர் ஊராகத் துணைவர்களைத் தேடுவது நடவாத காரியம். ஆகவே பக்தாதிலிருந்து கஸ்னா வரை, இடையிலுள்ள நகரங்களைச் சங்கிலியாகக் கோத்து, கண்ணி கண்ணியாக நகர்கிறார். வணிகக் கூட்டத்தார் சொல்லும் ஃபர்ஸகுகளை எடுத்து, பாதை வளைவுக்கும் கரடுமுரடுக்கும் தக்கபடி குறைத்து, இரு ஊர்களின் அட்சரேகைகளோடு இணைத்து, கோள முக்கோணவியலால் தீர்க்கரேகை வேறுபாட்டைப் பெறுகிறார். ஒரே இடத்திற்கு வேறு வேறு வழிகளில் வந்து, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார். ஒத்துப்போகாதபோது எந்தக் கண்ணி பலவீனமானது என்று ஆராய்கிறார். இறுதியில் அவர் பெற்ற வேறுபாடு 24 பாகை 20 கலை. பிழை பாகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒட்டக நடையையும் வழிப்போக்கர் வாய்மொழியையும் மூலப்பொருளாகக் கொண்டு இதைச் செய்திருக்கிறார். இங்கே துல்லியம் தற்செயலாக வரவில்லை. ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும் பல வழிகளிலிருந்து வந்தது.

கருவிகளின் மீது அவருக்கிருந்த ஐயம் இன்னொரு சிறப்பு. ரய் நகரில் 994இல் அல்-குஜந்தி பெரும் பொருட்செலவில் மாபெரும் வில்வடிவக் கருவியைக் கட்டிடமாகவே எழுப்பினார். அதில் கண்ட அளவு முந்தையோர் அளவுகளோடு பொருந்தவில்லை. பெரிய கருவி தந்த விடை என்பதற்காகப் பீரூனி அதை ஏற்றுவிடவில்லை. ஒளி நுழையும் துளை இருந்த பகுதி ஒரு சாண் அளவுக்கு இறங்கிப் போயிருந்தது என்பதை அல்-குஜந்தியிடமிருந்தே கேட்டறிந்து எழுதி வைக்கிறார். இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் நூலில் உண்டு. 1018 அக்டோபர் 14ஆம் நாள், காபூலை அடுத்த ஜைஃபூர் என்ற சிற்றூர். கையில் கருவி ஏதுமில்லை. கணக்குப் போடும் பலகையைத் திருப்பி, பின்புறத்தில் வில்வரைந்து பாகை குறித்து, தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, சூரிய உயரத்தை அளந்து அவ்வூரின் அட்சரேகையைக் கணிக்கிறார். நந்தனா மலையைவிட இந்தப் பலகையே எனக்கு உயர்ந்ததாகத் தெரிகிறது.

நூலின் மற்றொரு பக்கத்தையும் பார்க்காமல் விட முடியாது. மஹ்மூது 1017இல் குவாரிஸ்மை வென்று கஸ்னாவுக்குக் கொண்டுவந்த அறிஞர்களில் ஒருவர் பீரூனி. நந்தனாவில் அவர் கால் பதித்தது படையெடுப்பின் தடத்தில்தான். மஹ்மூதின் போர்கள் இந்திய நாட்டின் செழிப்பைச் சிதைத்தன என்பதைத் தமது இந்தியா பற்றிய நூலில் அவரே எழுதியிருக்கிறார். நில அளவைக்கு நிலத்தின் மீது அதிகாரம் வேண்டும் என்று அவர் சொன்னது வெறும் நடைமுறைக் குறிப்பு மட்டுமன்று. மஃமூனின் அளவை கலீஃபாவின் கட்டளையால் நடந்தது. ஆதரவு விலகியபோது திஹிஸ்தான் முயற்சி நின்றது. அறிவு தானாக மலர்ந்தது என்ற இனிய சித்திரத்தில் அரண்மனையும் படையும் மறைந்துவிடுகின்றன. இஸ்லாமிய அறிவியல் வரலாற்றை எழுதுகின்ற நம்மவரும், அரபுகள் கிரேக்கர் நூல்களைப் பாதுகாத்துக் கொடுத்த காப்பாளர்கள் மட்டுமே என்று கூறிவந்த மேலைநாட்டாரும் இந்த ஒரு பிழையில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

ஒரு பாகையின் நீளம் எவ்வளவு என்ற அதே கேள்வி எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் நம் ஊர் மண்ணிலும் கேட்கப்பட்டது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கேற்ற வில்லியம் லாம்ப்டன், 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்தில் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுசெல்லப்பட்டு ஏற்கப்படாமல் திரும்பிய நூறடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு அளந்தார். வெயிலில் இரும்பு நீளுமே என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை உடன்வைத்து, திருத்தம் கணக்கிட்டார். உச்சிக்கு உச்சி எதிரெதிராகக் கோணம் அளந்து ஒளிவிலகலையும் கணக்கில் சேர்த்தார். நந்தனாவில் பீரூனிக்கு இல்லாதிருந்த யாவும் அவருக்கு இருந்தன. கம்பெனியின் பணமும், வென்றெடுத்த நிலமும், அரை டன் எடையுள்ள தியோடலைட்டும் இருந்தன. அந்தத் தியோடலைட் 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிப் பழுதாயிற்று. லாம்ப்டன் கூடாரத்திற்குள் தங்கி, நசுங்கிய வட்டத்தைச் சிறுகச் சிறுகத் தட்டி நேர்செய்து, மீண்டும் அளக்கத் தொடங்கினார். ரய் நகரத்தில் ஒரு சாண் இறங்கிய துளையைப் பற்றி எழுதியவர் இதைக் கேட்டிருந்தால், பழுதுபார்த்த கருவியின் பிழை எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

அந்தச் சர்வேயர் பெரியவரைப் பிறகு ஒரு ஜும்ஆவில் சந்தித்தேன். முழம் எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும், பீரூனியே தம் எண்ணை ஒதுக்கிவிட்டு முன்னோர் எண்ணை எடுத்துக்கொண்டார் என்றும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியா எழுதியிருக்கிறார்? தம்பி, அந்தப் பக்கத்தை எனக்குப் படி எடுத்துத் தர முடியுமா?" என்றார்.